ரிங்லெட்டில் இருந்து இறங்கும் லோரி: கருவிகள் கூடுகின்றன, செலவு யார் தலையில்?

ரிங்லெட்டில் இருந்து தாப்பா வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வளைந்து வளைந்து இறங்கும் அந்தச் சாலைதான் கேமரன் மலைக் காய்கறிகள் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகும் முக்கிய வழிகளில் ஒன்று. விவசாயிகள் எல்லாருக்கும் சொந்த லோரி கிடையாது. ஏற்றிச் செல்லும் வேலையைப் பலரும் குத்தகையாளர்களிடம் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குத்தகைத் தொழிலுக்குள் கைப்பேசிச் செயலி, ஜிபிஎஸ், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என ஒவ்வொன்றாக நுழைந்து வருகின்றன. இதில் லாபம் யாருக்கு, செலவு யாருக்கு என்பதே கேள்வி.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் கேமரன் மலை விவசாயிகள் டன் கணக்கில் காய்கறிகளைக் கொட்ட நேர்ந்தது. நகரத்தில் வாங்க ஆளில்லாமல் இல்லை. உணவகங்களையும் இரவுச் சந்தைகளையும் நம்பியிருந்த விநியோகம்தான் அறுந்தது. அதே மாதத்தில் லசாடா இணையத்தளம் அந்தக் காய்கறிகளை நேரடியாக வீடுகளுக்கு விற்க முன்வந்தது. தொழில்நுட்பம் வாங்குபவரைத் தேடித் தந்தது. ஆனால், கூடை கூடையாக ஏற்றிய சரக்கைச் சிறு பெட்டிகளாகப் பிரித்து, வாடாமல் கொண்டு சேர்க்கும் வேலையைச் செயலி செய்யாது. அந்தக் கூடுதல் உழைப்புக்கு யாராவது கூலி கொடுத்தாக வேண்டும்.

இப்போதைய மாற்றம் பாதுகாப்பு தொடர்பானது. 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் லோரி மோதி 9 போலீஸ்காரர்கள் உயிரிழந்தனர். ஜூன் 9-இல் கெரிக் அருகே பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டனர். அதன் பிறகு வர்த்தக வாகனங்களுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதி, 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது. இதன் அவசியத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கருவி வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். அளவுக்கு மீறிய சுமையும் தேய்ந்த பிரேக்கும் அதன் கண்ணில் படாது. மலைச் சாலையில் ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

குத்தகைச் சங்கிலியில் சந்தை வியாபாரி, பெரிய குத்தகையாளர், சிறு லோரி முதலாளி, ஓட்டுநர் எனப் பல படிகள் உண்டு. கருவி வந்த பின்னும் ஒரு நடைக்கான கட்டணம் பழையபடியே இருந்தால், செலவு படிப்படியாக இறங்கிக் கடைசியில் நிற்பவரிடம் வந்து சேரும். சரக்கு வந்து சேர வேண்டிய நேரமும் மாறவில்லை என்றால், கடிகாரத்துக்கும் கருவிக்கும் இடையில் சிக்குபவர் ஓட்டுநர்தான்.

மலையில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காத இடங்கள் உண்டு. ஜிபிஎஸ் இடத்தைக் குறித்தாலும் அலைவரிசை இருந்தால்தான் தகவல் அனுப்ப முடியும். சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இல்லாத கருவியில் அந்த இடைவெளி வெறுமையாகவே தெரியும். மண்சரிவில் மாட்டி நின்றவர் எங்கேயோ வண்டியை நிறுத்தித் தூங்கியதாகப் பழி சுமக்க நேரலாம்.

அதே பதிவு ஓட்டுநருக்குச் சாட்சியாகவும் அமையும். சந்தை வாசலில் அவர் எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்பது அதில் இருக்கிறது. காத்திருப்புக்குக் கூலி கேட்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் பதிவு முதலாளியின் திரையில் மட்டுமே இருந்தால் ஓட்டுநருக்குப் பயனில்லை.

எனவே, குத்தகையில் கையெழுத்திடும் சிறு லோரி முதலாளிகள் மூன்றைக் கேட்டுத் தெளிவது நல்லது. கருவியின் செலவு யாருடையது? பதிவின் நகல் ஓட்டுநருக்குக் கிடைக்குமா? மழையாலும் சாலை மூடலாலும் ஏற்படும் தாமதத்துக்கு அபராதம் உண்டா? லோரித் தொழிலை நம்பும் இந்திய இளைஞர்களும் வாகன உரிமத்தோடு நின்றுவிடாமல் சரக்குக் கணக்கு, குளிர்பதனச் சேமிப்பு, பயண அட்டவணை ஆகியவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் திரையைப் படிக்கத் தெரிந்தவரே அடுத்த குத்தகையின் விலையைப் பேச முடியும்.