கள் போய் சாராயம், சாராயம் போய் விஸ்கி: கோலார் எல்லையில் மாறியது மதுவா, பழக்கமா?

கோலார்: கர்நாடகாவில் சாராயம் தடை செய்யப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் கிராமப்புற மக்களின் மதுப் பழக்கம் பெரிதும் மாறியுள்ளது. ஆனால், அந்த மாற்றம் குடியைக் குறைத்ததா அல்லது குடிக்கும் பொருளை மட்டும் மாற்றியதா என்ற கேள்விக்கு, மூன்று மாநில எல்லையை ஒட்டியுள்ள கோலார் மாவட்டத்தின் வரலாறு தெளிவான விடை அளிக்கிறது.

ஹைதர் அலி பிறந்த ஊராக அறியப்படும் பூதிகோட்டை, இம்மாவட்டத்தின் பங்காருப்பேட்டை வட்டத்தில் அமைந்துள்ளது. கோலார் தங்க வயலுக்கு அண்மையில் உள்ள இப்பகுதியின் ஒருபுறம் தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டமும், மறுபுறம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டமும் உள்ளன. மதுவைப் பொறுத்தவரை மூன்று மாநிலங்களும் ஒரே காலத்தில் ஒரே கொள்கையைப் பின்பற்றியது அரிது. ஆகவே, ஒரு மாநிலம் கடையை மூடும்போது மற்றொரு மாநிலத்தின் கடை சில மைல் தொலைவில் திறந்திருப்பது இங்கு வழக்கமாகவே இருந்து வந்துள்ளது.

சுரங்கக் குடியிருப்புகளில் எழுந்த எதிர்ப்பு

1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கச் சுரங்கப் பணியைத் தொடங்கியபோது, வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளில் இருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இங்கு குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற சுரங்கங்களில், கடும் வெப்பத்தில் அவர்கள் உழைத்தனர். கள்ளும் சாராயமும் அந்தக் குடியிருப்புகளின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றிருந்தன.

அதே குடியிருப்புகளில் இருந்துதான் குடிக்கு எதிரான குரலும் எழுந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில் வேரூன்றியது. மது அருந்தாமை அந்த இயக்கம் வலியுறுத்திய பஞ்சசீலத்தில் ஒன்று. சுயமரியாதையோடு வாழ விரும்புவோர் மதுவைக் கைவிட வேண்டும் என்ற கருத்து, சட்டத்தின் வழியாக அல்லாமல் தொழிலாளர்களின் சொந்த அமைப்புகள் வழியாகவே இங்கு முதலில் பரவியது.

எல்லை தாண்டிய மதுவிலக்கு

1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். இன்றைய கிருஷ்ணகிரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு விரிவுபடுத்தப்பட்டு, 1971இல் தளர்த்தப்பட்டது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டப் பெண்கள் நடத்திய சாராய எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடர்ந்து 1993இல் சாராயமும், 1995இல் அனைத்து மதுவும் தடை செய்யப்பட்டன. முழு மதுவிலக்கு 1997இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

கர்நாடகாவில் 2004இல் பெரும்பாலான மாவட்டங்களில் கள் இறக்குவது நிறுத்தப்பட்டது. இதனால் கோலார் பகுதியில் ஈச்சமரங்களில் இருந்து கள் இறக்கும் தொழில் முடிவுக்கு வந்தது. அடுத்து, 2007 ஜூலை 1 முதல் சாராய விற்பனையும் தடை செய்யப்பட்டது. பாக்கெட் சாராயம் ஏழைக் குடும்பங்களின் வருமானத்தை உறிஞ்சுகிறது என்று பெண்கள் அமைப்புகள் நீண்ட காலமாக முன்வைத்த குற்றச்சாட்டுக்குக் கிடைத்த வெற்றியாகவே அந்தத் தடை பார்க்கப்பட்டது.

தடைக்கு ஓராண்டு நிறைவதற்குள் பேரிடி விழுந்தது. 2008 மே மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரி பகுதிகளில் 150க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு மாநிலங்களிலும் ஒரே வாரத்தில் மரணங்கள் நிகழ்ந்தன. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள்.

எனினும், தடை இல்லாத காலத்திலும் இத்தகைய துயரங்கள் நிகழ்ந்துள்ளன என்பது குறிப்பிடத்தக்கது. 1981 ஜூலையில், சாராயம் சட்டபூர்வமாக விற்கப்பட்டு வந்தபோதே, பெங்களூருவில் நச்சுச் சாராயத்துக்கு 300க்கும் மேற்பட்டோர் பலியாகினர். டாஸ்மாக் கடைகள் இயங்கி வரும் தமிழகத்தில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலிவான போதையைத் தேடும் வறியவர்களும், கண்காணிப்பில் ஓட்டையும் இருக்கும் இடங்களில் எல்லாம் மெத்தனால் நுழைந்து விடுகிறது.

அளவு குறைந்தது, வீரியம் கூடியது

சாராயம் விட்டுச் சென்ற இடத்தை, இந்தியாவில் தயாரிக்கப்படும் வெளிநாட்டு மது நிரப்பியது. 90 மில்லி, 180 மில்லி அளவுகளில் டெட்ரா பாக்கெட்டுகளில் கிடைக்கும் மலிவு விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவையே கிராமத்துத் தொழிலாளியின் மதுவாக மாறின.

இந்த மாற்றத்தின் விளைவை ஓர் எளிய கணக்கு விளக்கும். கள்ளில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். கர்நாடகாவில் விற்கப்பட்ட சாராயத்தில் சுமார் 33 சதவீதம். விஸ்கி, பிராந்தி வகைகளில் 42.8 சதவீதம். அதாவது, 650 மில்லி கள்ளில் உள்ள ஆல்கஹால், ஏறத்தாழ 100 மில்லி சாராயத்திலும், வெறும் 76 மில்லி விஸ்கியிலும் அடங்கி விடுகிறது. முன்பு 90 மில்லி சாராயம் குடித்தவர் சுமார் 30 மில்லி தூய ஆல்கஹாலை உட்கொண்டார். இன்று அதே 90 மில்லி விஸ்கியில் 38 மில்லிக்கும் அதிகமான ஆல்கஹால் அவர் உடலுக்குள் செல்கிறது. கையில் உள்ள அளவு மாறவில்லை. கல்லீரல் சுமக்கும் பாரம் கூடிவிட்டது.

நாடு முழுவதும் இதே நிலைதான். உலக சுகாதார அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட மது நுகர்வில் 92 சதவீதம் விஸ்கி, பிராந்தி போன்ற வீரியம் மிக்க வகைகள். உலக அளவில் இவற்றின் பங்கு சுமார் 45 சதவீதம் மட்டுமே.

குடிப்பவர் எண்ணிக்கை சொல்லாத உண்மை

2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 சதவீதத்தினர் மது அருந்துகின்றனர். கர்நாடகாவில் இது 16.5 சதவீதம்; தமிழகத்தில் 25.4 சதவீதம்; தெலங்கானாவில் 43.3 சதவீதம். தேசிய சராசரியை விடக் குறைவு என்பதால், கர்நாடகாவின் நிலை ஆறுதல் அளிப்பதாகத் தோன்றலாம்.

ஆனால், எத்தனை பேர் குடிக்கின்றனர் என்பதை மட்டுமே அந்த எண் கூறுகிறது. எப்படிக் குடிக்கின்றனர் என்பதை 2019இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வு காட்டுகிறது. நாட்டில் மது அருந்தும் சுமார் 16 கோடி பேரில், 5.7 கோடி பேருக்கு மதுவால் ஏற்பட்ட பாதிப்புக்கு உதவி தேவைப்படுவதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோர் பாதிப்பு நிலையை எட்டியுள்ளனர் என்பதே இதன் பொருள். மருத்துவ உதவியும் ஆலோசனையும் பெரும்பாலும் நகரங்களில் குவிந்திருக்கும் நிலையில், பூதிகோட்டை போன்ற ஊர்களில் இந்தச் சுமையைத் தாங்குவது குடும்பங்களே.

2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், இப்பகுதியினரில் ஏராளமானோர் ரயிலில் நாள்தோறும் பெங்களூரு சென்று கூலி வேலை செய்து திரும்புகின்றனர். மாதச் சம்பளமும் நிறுவன மருத்துவமனையும் இருந்த இடத்தில், இன்று அன்றாடக் கூலி மட்டுமே உள்ளது. அந்தக் கூலியில் இருந்து மதுவுக்குச் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் அரிசி, கேழ்வரகு, பள்ளிச் செலவு ஆகியவற்றில் இருந்தே கழிகிறது.

அரசின் வருவாயும் பெண்களின் கோரிக்கையும்

2025-26ஆம் நிதியாண்டுக்கு கர்நாடக அரசு நிர்ணயித்த கலால் வருவாய் இலக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய். நாளொன்றுக்கு இது சுமார் 110 கோடி ரூபாய். 2023 ஜூலையில் அனைத்து விலைப் பிரிவு மதுவுக்கும் கூடுதல் கலால் வரி 20 சதவீதம் உயர்த்தப்பட்டது. 2024 ஆகஸ்டில், அண்டை மாநில விலைகளுக்கு இணையாக்கும் நோக்கில் உயர்ரக மதுவுக்கு மட்டும் வரி குறைக்கப்பட்டது. மாநிலம் பல ஆண்டுகளாக விலைப் பிரிவை அடிப்படையாகக் கொண்டே வரி விதித்து வந்துள்ளது. மதுவின் வீரியம் அதில் முதன்மை அளவுகோலாக இருந்ததில்லை.

மதுவுக்கு அடிமையானவர்களால் கர்நாடகச் சமூகத்துக்கு ஏற்படும் செலவு, மாநிலத்தின் கலால் வருவாயைக் காட்டிலும் அதிகம் என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் ஏற்கெனவே சுட்டிக்காட்டியுள்ளனர். 2019 ஜனவரியில் ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் மதுவிலக்கு கோரி சித்ரதுர்காவில் இருந்து பெங்களூருவுக்கு நடைப்பயணம் மேற்கொண்டனர். சாராயத் தடைக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அவர்கள் சாலையில் இறங்க நேர்ந்தது, அந்தத் தடை எதைச் சாதிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

இதற்கு மாற்று வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. ரஷ்யாவில் குறைந்தபட்ச விலை நிர்ணயம், விற்பனை நேரக் கட்டுப்பாடு, விளம்பரத் தடை, வரி உயர்வு ஆகியவை ஒருசேர நடைமுறைப்படுத்தப்பட்டதன் பின்னணியில், 2003 முதல் 2016 வரை தனிநபர் மது நுகர்வு 43 சதவீதம் குறைந்ததாக உலக சுகாதார அமைப்பு தெரிவித்துள்ளது. அங்கு ஆயுட்காலமும் உயர்ந்தது.

கோலார் எல்லைக்கு இதில் கூடுதல் நிபந்தனை ஒன்றும் உண்டு. ஒரு மாநிலம் தனித்து எடுக்கும் முடிவு, சில மைல் தொலைவில் உள்ள கடையாலோ கடத்தல் பாக்கெட்டாலோ செயலற்றுப் போகும். வீரியத்துக்கேற்ற வரி, எல்லை மாவட்டங்களில் ஒருங்கிணைந்த மெத்தனால் கண்காணிப்பு, வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் மது மீட்பு சிகிச்சை ஆகியவற்றை மூன்று மாநிலங்களும் இணைந்து முன்னெடுக்காத வரை, தடையோ விலை உயர்வோ மதுவின் பெயரை மாற்றுமே தவிர, அதன் பாதிப்பைக் குறைக்காது.