கடன் பட்டவருக்கு வேலை மறுப்பதா?

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் பொருந்தும் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள் 1964-இல் வந்தவை. கடனை வசூலிக்க வழக்கு வந்தால் ஊழியர் உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 17-ஆவது விதி. ஊதாரித்தனத்தால் அல்ல, கைமீறிய சூழலால்தான் கடனாளி ஆனேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். ஆஸ்பத்திரி ரசீதையும் அடகுச் சீட்டையும் அதிகாரி முன் நீட்டி நிற்பது எத்தனை அவமானம்!

வேலையில் இருப்போருக்கு இந்த விதி என்றால், வேலை தேடுவோரை மறிப்பது அவர்களின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கை. பழைய கடன்களை அடைத்துவிட்டதாக வாதிட்டவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பணத்தைக் கையாளும் வங்கியின் கவலை நியாயமானதே. ஆனால், சம்பளம் வந்தால்தானே கடன் அடையும்? தவணை தவறிய காரணத்தை விசாரிக்காமல் நியமனத்தை மறுக்கக் கூடாது. 17-ஆவது விதியின் நிரூபணச் சுமையையும் மத்திய அரசு நீக்க வேண்டும்.