கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு



சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் குடிநீர் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். "கொதிக்க வைச்சுக் குடிச்சால் பயமில்லைத்தானே, தங்கச்சி?" என்று ஓர் அக்கா கேட்டார். கிருமிகளுக்கு அது சரி. ஆனால் நீரில் கரைந்த ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் கொதிக்க வைப்பதால் போவதில்லை. அவருக்குச் சொன்ன யப்பான் நாட்டுப் பெண்களின் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

தொயாமா மாகாணத்தில் ஜின்சு என்றொரு ஆறு. அதன் மேற்பகுதியில், கமியோக்கா என்னுமிடத்தில், துத்தநாகமும் ஈயமும் எடுக்கும் சுரங்கம் இருந்தது. அதன் கழிவிலிருந்த கட்மியம் ஆற்றுநீரோடு வயலுக்கும், வயலிலிருந்து சோற்றுக்கும் வந்தது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்கி, எலும்பைப் பலவீனமாக்கியது. பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயது கடந்த பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். இருமினாலும் எலும்பு முறிந்தது. "இத்தாய், இத்தாய்" என்று அழுதார்கள். "நோகுது, நோகுது" என்பது அதன் பொருள். அந்த அழுகையே நோயின் பெயராயிற்று.

1961இல் உள்ளூர் வைத்தியர் ஹகினோ நொபொரு, கட்மியமே காரணம் என எடுத்துக் காட்டினார். 1968இல் மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1971இலும், மேன்முறையீட்டில் 1972இலும் வென்றனர்.

இந்த நஞ்சை அகற்ற முடியாதா? முடியும். கழிவுநீரை ஆற்றில் விடுமுன் தொட்டியில் தேக்கிச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அமிலத்தன்மை குறைய, கரைந்திருந்த உலோகம் கரையாத துகளாகி அடியில் படியும். மேலே தெளிந்த நீரைச் சோதித்து வெளியே விடலாம். ஆனால் நஞ்சு அழிவதில்லை, சேற்றில் இருக்கும். அந்தச் சேற்றைக் கசிவில்லாத இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும்.

இதை நாள் தவறாமல் செய்கிறார்களா என்று யார் பார்ப்பது? 1972இல் அந்த மக்கள் நட்டஈட்டோடு நிற்கவில்லை. நிபுணர்களுடன் சுரங்கத்துக்குள் சென்று பார்வையிடும் உரிமையையும், அதன் செலவை நிறுவனமே ஏற்பதையும் எழுத்தில் பெற்றார்கள். ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார்கள். ஆற்றில் கட்மியம் குறைந்தது. ஆனால் கெட்டுப்போன வயல் மண்ணைத் திருத்தும் வேலை 1979இல் தொடங்கி 2012இலேயே முடிந்தது.

சகோதரிகளே, உங்கள் கிணற்றருகே பழைய பற்றரி உடைப்பதையோ, தொழிற்சாலைக் கழிவு ஓடுவதையோ கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நீரைச் சோதிக்கக் கேளுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் சங்கமாகச் சேர்ந்து போவோம்.