இன்னொரு டேக் கிடையாது

ஒலிப்பதிவு படிக்கும் மாணவரின் கனவு பெரும்பாலும் சினிமாதான். சென்னை தரமணியிலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் உள்ள அரசு திரைப்படக் கல்லூரிகளில் கற்றுத்தரும் இந்த வித்தைக்கு அந்தமானில் வேறொரு வேலை இருக்கிறது.

2010 ஜனவரியில் அங்கே போவா சீனியர் என்ற மூதாட்டி சுமார் 85 வயதில் காலமானார். 'போ' மொழி பேசிய கடைசி மனுஷி. ஆனாலும் அவர் குரல் அழியவில்லை. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து வைத்திருந்தார். 2020 ஏப்ரலில் லிச்சோ என்ற பெண்மணி மறைந்தபோது 'சாரே' மொழியும் அவரோடு போயிற்று.

இத்தகைய பதிவுக்கு ஸ்டூடியோ கிடையாது. காற்று மைக்கில் மோதும். தகரக் கூரையில் மழை கொட்டும். எம்.பி.3 ஆகச் சுருக்கினால் நுட்பமான ஒலிகள் கழிந்துபோகும். கோப்பைச் சுருக்காமலே பாதுகாக்க வேண்டும். எல்லாம் கல்லூரியில் படிக்கிற பாடங்கள்தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சினிமாவில் வசனம் சரியாக விழாவிட்டால் டப்பிங்கில் சமாளிக்கலாம். ஒரு மொழியின் கடைசிக் குரலுக்கு அந்த வசதி இல்லை.