பெயரைப் பார்க்காதீர்கள்!

பெரணமல்லூர்ப் பட்டு எந்தக் கடைப் பெட்டியில் வந்தாலும், முந்தானையைப் புரட்டித்தானே பார்க்கிறீர்கள்? துப்பாக்கிக்கும் அதுவே சரி!

பக்கத்து ஆரணியில் 1751-ல் கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரர் துணையோடு வந்த ரஸா சாகிப்பின் படையும் மோதின. அன்று வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பிடித்தவை கப்பலில் வந்த துப்பாக்கிகள். வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்க வேண்டும். ஆங்கிலத் துப்பாக்கிக்குப் பின்னாளில் 'பிரௌன் பெஸ்' என்று செல்லப்பெயர். பிரெஞ்சுத் துப்பாக்கி 'சார்ல்வில்'. அது ஓர் ஊரின் பெயர். சாந்த்-எத்தியேன் ஊரில் செய்ததையும் அப்படியே அழைக்கிறார்கள்!

குழலை அளந்தால்தான் வித்தியாசம்: முன்னது 0.75 அங்குலம், பின்னது 0.69. ஆங்கிலக் குண்டு பிரெஞ்சுக் குழலில் இறங்காது. பிரெஞ்சுக் குண்டோ ஆங்கிலக் குழலில் கடகடவென்று உருளும். அவசரத்தில் மாற்றிக் கெட்டித்த சிப்பாயின் கதி?

1790-களில் பிரான்சுடன் போர் மூண்டு தட்டுப்பாடு வந்தபோது, கம்பெனியின் மலிவான மாதிரியைப் பிரிட்டிஷ் ராணுவமே எடுத்துக்கொண்டது. பெயர் 'இந்தியா பாட்டர்ன்'. செய்ததோ இங்கிலாந்தில்!