செக்ஸ்டண்ட் வாங்கணுமா?

நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் ஓட்டுவதைப் பற்றிப் படித்ததும், "நம்ம பள்ளிக்கும் ஒரு செக்ஸ்டண்ட் வாங்கணும்" என்கிறார்கள் பலர். என் கருத்து: இப்போது வேண்டாம்.

முதல் காரணம், செக்ஸ்டண்டுக்குக் கடல் தொடுவானம் வேண்டும். சேத்தியாத்தோப்பில் ஏது கடல்? கரும்பும் நெல்வயலும்தான். இரண்டாவது, பித்தளையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஷோகேஸில் வைக்கத்தான். படிப்பவர்களுக்கென வரும் பிளாஸ்டிக் கருவி பரவாயில்லை. ஆனால் ஒண்ணே ஒண்ணு வாங்கினால் பீரோவில்தான் தூங்கும்.

ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானி போதும். நேர் விளிம்பில் ஸ்ட்ரா ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டிக் கல்லைத் தொங்க விடுங்கள். ஸ்ட்ரா வழியே துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். நூல் தொடும் குறுங்கோணத்தை 90-லிருந்து கழித்தால் நம்ம ஊர் அட்சரேகை, சுமார் 11½ டிகிரி. 1 டிகிரி தவறினால் 111 கி.மீ. தள்ளிப் போய்விடுவோம்! அதனால் பத்துப் பேர் அளந்து சராசரி எடுக்கணும். (சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது!)

சோழமண்டலக் கடற்கரை மாலுமிகள் முடிச்சுக் கயிறு கட்டிய 'ராப்பலகை'யால்தான் துருவ நட்சத்திரத்தை அளந்தார்கள். நம்ம வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையும் அந்தக் கரைதான். முதலில் கை பழகட்டும், கருவி அப்புறம் வரட்டும்!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு