டாக்டர் பரீட்சை தள்ளிப்போனால் செங்கல்பட்டு ஜி.எச்.சில் யாருக்கு கஷ்டம்?

செங்கல்பட்டு:-

கொக்கிலமேடு, வெண்புருஷம், சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒருவருக்கு நடுராத்திரியில் நெஞ்சு வலி வந்தால் முதலில் 108-க்குத்தான் போன் போகும். வண்டி கடற்கரை ரோட்டை விட்டு திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 30 கிலோ மீட்டர் ஓடி, செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும். ஈ.சி.ஆர். விபத்து என்றாலும் இதே கதைதான், ஜி.எஸ்.டி. ரோடு விபத்து என்றாலும் இதே கதைதான்.

அந்த நேரத்தில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஓடி வருகிற டாக்டர் யார் என்று பெரும்பாலானவர்களுக்கு தெரியாது. சின்ன வயசு, கண்ணில் தூக்கம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். "பெரிய டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்று அவரிடமே கேட்பவர்களும் உண்டு. அவர்தான் பி.ஜி. டாக்டர். அதாவது எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு எம்.டி., எம்.எஸ். என்று 3 வருட மேல்படிப்பு படிப்பவர். படிப்பு என்று பெயர்தானே தவிர, பகலும் ராத்திரியும் வார்டை இழுத்துக்கொண்டு போவது இவர்கள்தான். மருத்துவக்கல்லூரியோடு சேர்ந்த எந்த அரசு ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுதான்.

அதனால் டெல்லியில் 'நீட் பி.ஜி. தேர்வு தள்ளிவைப்பு' என்று செய்தி வந்தால், அது ஏதோ படித்தவன் வீட்டு விவகாரம் என்று பக்கத்தை புரட்டிவிட முடியாது. தேதி தள்ளத்தள்ள, வார்டுக்கு வரவேண்டிய ஒரு செட் டாக்டர்கள் வராமலேயே நிற்கிறார்கள்.

இன்டர்வியூ கிடையாது

இந்த படிப்பில் சேர எப்படி ஆள் எடுக்கிறார்கள்? 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், மொத்தம் 800 மார்க். சரியான விடைக்கு 4 மார்க், தப்பானால் ஒரு மார்க் கழியும். 2025-ம் ஆண்டு விண்ணப்ப கட்டணம் பொதுப்பிரிவு, ஓ.பி.சி.க்கு 3 ஆயிரத்து 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 2 ஆயிரத்து 500 ரூபாய். நாடு முழுக்க 2 லட்சத்து 42 ஆயிரம் டாக்டர்களுக்கு மேல் அந்த ஆண்டு இதில் மோதினார்கள். அப்புறம் ரேங்க், ஆன்லைன் கவுன்சிலிங். அரசு கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு போய்விடும். மீதி பாதியை சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநில தேர்வுக்குழு நிரப்பும்.

இதில் எந்த இடத்திலும் எதிரே உட்கார வைத்து நாலு கேள்வி கேட்பது கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டில் பீகாரில் இருந்தோ ராஜஸ்தானில் இருந்தோ ஒருவர் செங்கல்பட்டுக்கு வந்து சேரலாம். "எங்க வலிக்குது? சாப்டீங்களா?" என்ற ரெண்டு வார்த்தையை அவர் நர்சம்மாவிடம் கற்றுக்கொள்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். ஆனால் போகப்போக நம்ம ஊர் பையன் மாதிரி ஆகிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் முறையே வேறு. அங்கே இதை ரெசிடென்சி என்கிறார்கள். ஒரு டாக்டர் பத்து, இருபது அல்ல, அதற்கும் மேலான ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போடுவார். பிடித்தவர்களை ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்கு கூப்பிடும். கொரோனாவுக்கு பிறகு பல இடங்களில் அது வீடியோவில்தான். பிறகு டாக்டர் தனக்கு பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசை போட்டு கொடுப்பார். ஆஸ்பத்திரி தனக்கு பிடித்த டாக்டர்களை வரிசை போடும். ரெண்டையும் கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். ஜாதகம் பார்க்கிற மாதிரிதான்! மார்ச் மாதம் ரிசல்ட், ஜூலை 1-ந் தேதி வாக்கில் வேலை. 2025-ல் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை இப்படி வைத்தார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு போன வெளிநாட்டு டாக்டர்களில் 100-க்கு 58 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் இருந்து போகும் டாக்டர்களும் இந்த கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

அப்படியானால் இங்கேயும் இன்டர்வியூ வைக்கலாமே என்று தோன்றும். வேலூர் சி.எம்.சி. ரொம்ப வருடங்கள் தனியாக தேர்வு வைத்து, நேரில் சோதித்துத்தான் ஆள் எடுத்தது. கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு போய் வேலை செய்யும் மனசு இருக்கிறதா என்று பார்த்தார்கள். சிறுபான்மை கல்லூரியாக இருந்தாலும் எல்லோருக்கும் நீட்தான் என்று 2020 ஏப்ரல் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

அது நல்ல முறையாகவே இருந்திருக்கலாம். ஆனால் நம்ம ஊரில் இன்டர்வியூ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சாதாரண ஜனங்களுக்கு ஞாபகம் வருவது சிபாரிசும் பணப்பெட்டியும்தான். கூலி வேலை செய்பவர் பிள்ளை டாக்டருக்கு படித்துவிட்டு, இங்கிலீஷ் தடுமாறுகிறது என்பதற்காக ஒரு அறைக்குள் தோற்றுப்போவதைவிட, மார்க்கில் தோற்பது மேல். இன்டர்வியூ இல்லாதது குறையல்ல. தேதி இல்லாததுதான் குறை.

தள்ளி.. தள்ளி..

2020-ல் தேர்வு ஜனவரி 5-ந் தேதியே முடிந்துவிட்டது. மே மாத வாக்கில் புது டாக்டர்கள் வார்டுக்குள் வந்துவிடுவது அப்போது வழக்கம்.

2021-ல் ஏப்ரல் 18-ந் தேதி நடக்க வேண்டியது. கொரோனா 2-வது அலை அடித்ததால் நிறுத்தினார்கள். மே 3-ந் தேதி, இன்னும் குறைந்தது 4 மாதத்துக்கு தேர்வு இல்லை என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. பரீட்சைக்கு படிக்கும் டாக்டர்கள் கொரோனா வார்டுக்கு வரட்டும், கடைசி வருட பி.ஜி.க்கள் புது ஆள் வரும்வரை வேலையில் தொடரட்டும் என்றார்கள். அது நியாயம்தான்.

மறுநாள் மே 4-ந் தேதி ராத்திரி, செங்கல்பட்டு ஜி.எச்.சில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஆக்சிஜன் இல்லாமல்தான் செத்தார்கள் என்று உறவினர்கள் கதறினார்கள். ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லை என்று மாவட்ட நிர்வாகம் மறுத்தது. அந்த சாவுகளுக்கும் பரீட்சைக்கும் முடிச்சு போடக்கூடாது. ஆனால் அந்த ராத்திரியை பார்த்தவர்களுக்கு, வார்டில் ஒரு டாக்டர் கூடுதலாக நிற்பது என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடைசியில் தேர்வு செப்டம்பர் 11-ந் தேதி நடந்தது. அதோடு முடிந்ததா? அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், பொருளாதாரத்தில் பின்தங்கிய பொதுப்பிரிவுக்கு 10 சதவீதம் என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. வருடத்துக்கு 8 லட்சம் ரூபாய் வருமானம் உள்ளவர் எப்படி ஏழை என்று கேஸ். கவுன்சிலிங் நின்றது. டெல்லியில் டாக்டர்கள் ரோட்டுக்கு வந்து போலீசாருடன் தள்ளுமுள்ளு ஆனது. 2022 ஜனவரி 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பச்சைக்கொடி காட்டிய பிறகுதான் 12-ந் தேதி கவுன்சிலிங் ஆரம்பித்தது. ஆக, 2021 ஏப்ரலில் எழுத வேண்டிய பரீட்சைக்கு 2022-ல் சீட். இடைப்பட்ட மாதங்களில் மூன்று செட் டாக்டர்கள் பார்க்க வேண்டிய வேலையை மிச்சம் இருந்தவர்கள் பங்கு போட்டு பார்த்தார்கள்.

2024-ல் நடந்தது இன்னும் மோசம். ஜூன் 23-ந் தேதி காலை பரீட்சை. 22-ந் தேதி ராத்திரி 'தள்ளிவைப்பு' என்று அறிவிப்பு! எம்.பி.பி.எஸ். நீட் வினாத்தாள் விவகாரம் நாடே நாறிக்கொண்டிருந்த நேரம் அது. ரெயில் ஏறி வெளியூர் லாட்ஜில் போய் தங்கியிருந்தவர்கள் மூட்டையை கட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஆகஸ்டு 11-ந் தேதி காலை, மதியம் என்று ரெண்டு ஷிப்டாக நடத்தியதில், எந்த வினாத்தாள் கஷ்டம் என்று அடுத்த சண்டை. 2025-ல் ஜூன் 15-ந் தேதி வைத்திருந்தார்கள். ஒரே ஷிப்டில்தான் நடத்த வேண்டும் என்று மே 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. உத்தரவு சரிதான், ஆனால் தேர்வு ஆகஸ்டு 3-ந் தேதிக்கு போய்விட்டது.

கடலோர டாக்டர்

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மாமல்லபுரம் கடலோரத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் இதே பரீட்சையைத்தான் எழுத வேண்டும். காலையில் காய்ச்சல், சர்க்கரை, கர்ப்பிணி பெண்கள் என்று கூட்டத்தை பார்த்துவிட்டு ராத்திரி புத்தகத்தை திறப்பவர் அவர். எதிரே ஓடுவது, வேலைக்கே போகாமல் வருடக்கணக்கில் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து படிப்பவர். எப்படி ஜெயிப்பது?

அதற்காகத்தான் தமிழ்நாட்டில் மாநில இடங்களில் பாதியை அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கும் முறை வந்தது. 2017-ல் மருத்துவ கவுன்சில் விதியை காட்டி அது அடிபட்டது. 2020 ஆகஸ்டு 31-ந் தேதி, நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான 5 நீதிபதிகள் பெஞ்ச், இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. மீனவர் குப்பத்துக்கும் இந்த தீர்ப்புக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. சீட் ஆசை இருப்பதால்தான் பல இளம் டாக்டர்கள் கிராமத்து வேலைக்கு வருகிறார்கள். சீட் கிடைத்ததும் 3 வருடம் போய்விடுகிறார், அந்த நாற்காலி காலி. உண்மைதான். ஆனால் திரும்பி வரும்போது மகப்பேறு டாக்டராகவோ, மயக்க டாக்டராகவோ தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவார். நாற்காலி காலியாக கிடக்காமல் உடனே வேறு ஆள் போடுவது அரசின் வேலை.

அரசு வேலையில் இல்லாமல் அரசு கல்லூரியில் பி.ஜி. படிப்பவரையும் சும்மா விடுவதில்லை. பாண்டு எழுதி வாங்குகிறார்கள். முன்பு 2 வருடம் கட்டாய அரசுப்பணி, 2023-ல் அதை ஒரு வருடமாக குறைத்தார்கள். வேலூரில் இன்டர்வியூவில் மனசை பார்த்தார்கள், இங்கே பத்திரத்தில் கையெழுத்தை பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மைனஸ் மார்க்குக்கு சீட்டா?

2026 ஜனவரியில் ஒரு அறிவிப்பு வந்து டீக்கடை வரை பேச்சானது. 2025 தேர்வின் கட்-ஆப்பை குறைத்ததில், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.க்கு மைனஸ் 40 மார்க் வரை கவுன்சிலிங்குக்கு வரலாம் என்றார்கள். பொதுப்பிரிவுக்கும் 276-ல் இருந்து 103 ஆக இறங்கியது. 2023-லேயே எல்லா பிரிவுக்கும் இப்படி அடிமட்டம் வரை இறக்கினார்கள். "மைனஸ் மார்க் வாங்கினவன் ஆபரேஷன் பண்ணுவானா?" என்று கேட்டால், பயப்பட அவ்வளவு இல்லை. இவர்கள் எல்லோரும் எம்.பி.பி.எஸ். பாஸ் செய்த டாக்டர்கள். கடைசி சுற்றில் பெரும்பாலும் மிஞ்சிக்கிடப்பது அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி போன்ற, கத்தி பிடிக்காத படிப்புகளும், கோடி தொட்டு கேட்கும் தனியார் கல்லூரி இடங்களும்தான். இந்த தளர்வால் யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் அங்கேதான் இருக்கிறது.

மேல் ரேங்க்காரர்கள் அடித்துக்கொள்வது ரேடியாலஜிக்கும் தோல் வைத்தியத்துக்கும். காரணம் ரொம்ப சிம்பிள். ராத்திரி டியூட்டி குறைவு, வெளியே வந்தால் வருமானம் அதிகம். பிரசவ வார்டும் அவசர சிகிச்சையும் எடுப்பவர் தூக்கத்தை மறக்க வேண்டும். ரெசிடென்ட் டாக்டருக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி போடக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே உத்தரவு போட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு, வாரத்துக்கு 74 மணி நேரம் போதும் என்றது. 74-ஐ 'போதும்' என்று சொல்லும் அளவுக்குத்தான் நிலைமை இருக்கிறது.

மழைக்காலம்

2026 தேர்வுக்கு வாரியம் முதலில் குறித்த தேதி ஆகஸ்டு 30. போன தடவை ஆகஸ்டு 3-ந் தேதி எழுதியதற்கே கவுன்சிலிங் அக்டோபரில்தான் ஆரம்பித்தது. அந்த கணக்கில் பார்த்தால், ரேங்க் வந்து, சீட் எடுத்து, புது பி.ஜி. டாக்டர் வார்டு எங்கே, லேப் எங்கே என்று கேட்டுக்கொண்டு உள்ளே நுழையும்போது ஐப்பசி, கார்த்திகை ஆகிவிடும். முன்பு மே மாதம் வந்தவர்கள் அதற்குள் 5 மாதம் கை பழகியிருப்பார்கள். செங்கல்பட்டு ஏரி நிரம்பி, கடலோரத்தில் போட்டெல்லாம் கரையேறி, டெங்கு காய்ச்சல்காரர்கள் வராண்டாவில் பாய் போட்டு படுக்கும் மாதமும் அதுதான்.